‘சிட்டி ஹால்’ படத்தை விமர்சகர்கள் ஏன் அரைமனதோடு வரவேற்றார்கள்?

நியூயார்க் மாநகர ஊழலை அத்தனை நெருக்கத்தில் காட்டுகிறது, அல் பச்சினோ மேயராக நடித்திருக்கிறார், எழுதியவர்களும் பெரிய கைகள். இருந்தும் 1996-இல் வந்த ‘சிட்டி ஹால்’ படத்தை விமர்சகர்கள் ஏன் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை, அதன் அரசியல் அவர்களை உறுத்தியதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விமர்சகர்கள் படத்தில் எதைக் குறையாகக் கண்டார்கள் என்பது ஒன்று. எழுதிய குறைக்குப் பின்னால் எழுதாத காரணம் ஏதாவது இருந்ததா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆதாரத்தோடு பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு என் வாசிப்பை மட்டுமே தரமுடியும். எது எந்த வகை என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒரு திரைப்படச் சங்கத்தில் பல ஆண்டுகளாகப் படங்களைத் தேர்ந்தெடுத்துத் திரையிட்டு, முடிந்ததும் பார்வையாளர்களோடு உட்கார்ந்து பேசுவதை நடத்தி வருகிறேன். ‘சிட்டி ஹால்’ படத்தை மூன்று முறை திரையிட்டிருக்கிறேன். மூன்று முறையும் அரங்கில் ஒரே இடத்தில் கவனம் கலைந்ததைப் பார்த்தேன். அந்த இடம் எது என்பதுதான் இந்தப் பதிலின் மையம். கதையின் முடிவையும் பேசப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

உறுதியான தகவல்களை முதலில் வைக்கிறேன். படம் 1996 பிப்ரவரியில் அமெரிக்காவில் வெளியானது. இயக்கம் ஹரால்ட் பெக்கர். பச்சினோவை வைத்து 1989-இல் ‘சீ ஆஃப் லவ்’ எடுத்தவர். திரைக்கதையில் நான்கு பெயர்கள்: கென் லிப்பர், பால் ஷ்ரேடர், நிக்கலஸ் பிலெஜி, போ கோல்ட்மன். இவர்களில் லிப்பர் சினிமாக்காரர் இல்லை. எட் காச் நியூயார்க் மேயராக இருந்தபோது துணை மேயராகவே பணியாற்றியவர். கதை புரூக்ளினில் ஒரு மழைநாள் காலையில் தொடங்குகிறது. ஒரு துப்பறியும் போலீஸ்காரரும் மாஃபியா தலைவனின் உறவுக்காரன் ஒருவனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்கள். வழியில் போன ஆறு வயதுக் கறுப்பினச் சிறுவன் குண்டடிபட்டுச் சாகிறான். அந்த மாஃபியா உறவுக்காரன் அந்த நேரத்தில் சிறையில் இருந்திருக்க வேண்டியவன். நீதிபதி ஒருவர் அவனைச் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பில் வெளியே விட்டிருக்கிறார். ஏன் விட்டார் என்று துணை மேயர் கெவின் கால்ஹூன் தேடிப்போகிறார். ஜான் கியூசாக் நடித்த பாத்திரம் அது. தேடல் கடைசியில் அவர் தெய்வமாக நினைக்கும் மேயர் ஜான் பாப்பஸின் வாசலில் வந்து நிற்கிறது.

வந்த விமர்சனங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் பாராட்டுகள் இரண்டு. ஒன்று நடிப்பு. பச்சினோவோடு, புரூக்ளின் கட்சித் தலைவர் ஃபிராங்க் அன்செல்மோவாக வரும் டேனி ஐயெல்லோவையும், நீதிபதியாக வரும் மார்ட்டின் லாண்டௌவையும், மேயரின் நிழலாக வரும் டேவிட் பேமரையும் பலர் மனமாரப் புகழ்ந்தார்கள். மற்றொன்று, மாநகராட்சிக் கட்டடத்துக்குள் நடமாடும் பேச்சின் உண்மைத்தன்மை. குறைகளும் அதே அளவுக்கு ஒத்துப்போகின்றன. கதை பல கிளைகளாகப் பிரிந்து, பாதியில் துப்பறியும் படமாக மாறிவிடுகிறது என்றார்கள். கியூசாக்கின் லூசியானா உச்சரிப்பு ஒட்டவில்லை என்றார்கள். அவர் பின்னணிக் குரலில் சொல்லும் விளக்கங்கள் பார்வையாளருக்கே தெரிந்ததைத் திரும்பச் சொல்கின்றன என்றார்கள். இறந்த போலீஸ்காரரின் மனைவிக்கு ஓய்வூதியம் கிடைக்கப் போராடும் வழக்கறிஞராக வரும் பிரிட்ஜெட் ஃபோண்டாவுக்கு எழுதப்பட்டது மிகக் குறைவு என்றார்கள். இந்தக் கடைசிக் குறை முழுக்க நியாயமானது. அந்தப் பெண் படத்தில் ஒரு மனிதராக வளரவே இல்லை. கெவினுக்குத் தகவல் கொண்டுவந்து கொடுப்பதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது. வசூலும் கைகொடுக்கவில்லை. அமெரிக்கத் திரையரங்குகளில் ஏறத்தாழ 20 மில்லியன் டாலர்தான் வந்தது.

இன்று இணையத்தில் தேடினால் படத்துக்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்ற மாதிரி ஒரு சதவீதம் கண்ணில் படும். அதை வைத்து ‘விமர்சகர்கள் கைவிட்டார்கள்’ என்ற முடிவுக்கு வந்திருந்தால், கொஞ்சம் பொறுங்கள். விமர்சனங்களைத் தொகுத்து அந்தச் சதவீதத்தைத் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் தொடங்கியதே 1998-இல்தான். 1996-இல் அச்சான விமர்சனங்கள் பிறகுதான் அங்கே சேர்க்கப்பட்டன. அவற்றோடு பல ஆண்டுகள் கழித்து வீடியோவில் பார்த்து எழுதியவர்களின் கருத்தும் கலந்திருக்கிறது. தவிர, அந்த எண் சொல்வது எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதை மட்டுமே. ‘நல்ல படமாகியிருக்க வேண்டியது, கை தவறிவிட்டது’ என்று வருத்தத்தோடு எழுதியவரும், ‘குப்பை’ என்று எழுதியவரும் அங்கே ஒரே கட்டத்தில்தான் விழுவார்கள். ‘சிட்டி ஹால்’ விமர்சனங்களில் பெரும்பாலானவை முதல் வகை. கைவிடப்பட்ட படம் என்பதைவிட, எதிர்பார்த்து ஏமாந்த படம் என்பதே பொருந்தும்.

இனி என் வாசிப்பு. படத்தின் உயிர் ஒரு காகிதத்தில் இருக்கிறது. குற்றவாளியைப் பற்றி நன்னடத்தை அதிகாரி எழுதும் அறிக்கை அது. அதில் எழுதுவது கொஞ்சம் மென்மையானால் தண்டனையும் மென்மையாகிவிடும். அந்த மென்மைக்காகப் பெட்டியில் பணம் கைமாறுவதை மேயர் பார்க்கவில்லை, வாங்கவும் இல்லை. நடந்தது சிபாரிசு. கட்சிக்காரர் ஒருவர் கேட்கிறார், மேயர் சரி என்கிறார், நீதிபதி செய்துகொடுக்கிறார். அந்த நீதிபதிப் பதவியே இப்படி ஒரு தயவில் வந்ததுதான். யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. பதிலுக்குப் பதில் உதவி, அவ்வளவுதான். அந்த உதவிகளின் கணக்கு, யாருக்கும் அறிமுகமில்லாத ஒரு ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் வந்து விடிகிறது. பெருநகர ஊழல் எப்படி நடக்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன அமெரிக்கப் படங்கள் மிகச் சில. மேயர் பாப்பஸ் இதற்கு ‘மென்ஷ்கைட்’ என்று யூத மக்களின் யிட்டிஷ் மொழியிலிருந்து ஒரு சொல்லை எடுத்துப் பயன்படுத்துகிறார். கொடுத்த சொல்லைக் காப்பாற்றும் மனிதத்தன்மை என்று அதற்கு அவர் தரும் பொருள். ஊரை அழிப்பதும் ஊரைக் கட்டுவதும் அந்த ஒரே குணம்தான் என்று படம் நினைக்கிறது. நல்ல, கஷ்டமான எண்ணம்.

ஆனால் அந்த எண்ணத்தின்மேல் படத்துக்கே நம்பிக்கை போதவில்லை. பாதிக்குமேல், இறந்துபோன போலீஸ்காரரைக் கறைபடுத்த அவர் இடத்தில் பணத்தை மறைத்துவைப்பது, மாஃபியா கிழவனின் மிரட்டல், சாட்சி தேடிப் பயணம் என்று வழக்கமான த்ரில்லரின் சாமான்கள் உள்ளே வருகின்றன. சிபாரிசு என்ற சாதாரணமான, நம் எல்லோருக்கும் தெரிந்த குற்றம் பின்னுக்குப் போய், துப்பாக்கிக்காரர்கள் செய்யும் குற்றம் முன்னுக்கு வருகிறது. எங்கள் அரங்கில் மூன்று முறையும் கவனம் கலைந்தது சரியாக இந்தத் திருப்பத்தில்தான். நான்கு எழுத்தாளர்களில் யார் எந்தப் பகுதியை எழுதினார்கள் என்று படத்தைப் பார்த்து மட்டும் ஊகிப்பது சரியில்லை. ஆனாலும் இரண்டு வேறு படங்கள் ஒரே உடலில் இருப்பது எந்தப் பார்வையாளருக்கும் தெரியும். விமர்சகர்கள் ‘கதை சிதறுகிறது’ என்று எழுதியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

நியூயார்க் விமர்சகர்களுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரில் உண்மையிலேயே நடந்தது அவர்கள் நினைவில் இருந்தது. 1986-இல் வாகன நிறுத்த அபராதங்களை வசூலிக்கும் துறையில் ஒப்பந்தங்களுக்கு லஞ்சம் வாங்கியது வெளிவந்தது. குவீன்ஸ் பகுதித் தலைவர் டொனால்ட் மேன்ஸ் அந்த ஆண்டு மார்ச்சில் தற்கொலை செய்துகொண்டார். பிராங்க்ஸ் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஸ்டான்லி ஃபிரீட்மன்மீது வழக்கு நடந்தது. பின்னாளில் மேயரான ரூடால்ஃப் ஜூலியானிதான் அரசுத் தரப்பில் வாதாடினார், ஃபிரீட்மன் தண்டிக்கப்பட்டார். மேயர் காச் பணம் வாங்கியதாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் தன்னைச் சுற்றி என்ன நடந்தது என்று அவருக்கு எப்படித் தெரியாமல் போனது என்ற கேள்வி அவரை விடவில்லை. 1989-இல் கட்சியின் உட்தேர்தலிலேயே டேவிட் டிங்கின்ஸிடம் தோற்றார். படத்தில் அன்செல்மோ எடுக்கும் முடிவைப் பார்க்கும்போது மேன்ஸ் நினைவுக்கு வராத நியூயார்க்வாசி இருந்திருக்க முடியாது. இங்கே உண்மைக்கும் கற்பனைக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமானது. உண்மைச் சம்பவத்தில் எல்லாம் ஒப்பந்தம், பங்கு, கமிஷன் என்று அற்பமாகவும் சலிப்பாகவும் இருந்தது. படத்தில் அது மாஃபியா, துரோகம், குற்றவுணர்ச்சி என்று காவியமாகிவிட்டது. நடந்ததைச் செய்தித்தாளில் நாள்தோறும் படித்தவருக்கு இந்தக் காவியம் கொஞ்சம் செயற்கையாகப் பட்டிருக்கும். இது என் ஊகம், ஆனால் பலமான ஊகம்.

பச்சினோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1992-க்குப் பிறகு அவர் குரலை உயர்த்தி நடிப்பதே விமர்சகர்களுக்கு ஒரு பேச்சாகிவிட்டிருந்தது. அவர் நடித்த ‘ஹீட்’ வந்து இரண்டே மாதத்தில் ‘சிட்டி ஹால்’ வந்தது. சிறுவனின் உடல் வைக்கப்பட்ட தேவாலயத்தில் மேயர் பேசும் காட்சியைப் பற்றித்தான் அதிகம் எழுதினார்கள். ஆலோசகர்கள் போகவேண்டாம் என்கிறார்கள், கூட்டம் கோபத்தில் இருக்கிறது, அவர் போகிறார். பண்டைய ஏதென்ஸின் பெரிக்ளிஸைத் துணைக்கு அழைத்து, அந்த நகரத்தின் பெருமையைச் சொல்லி, மெல்லத் தொடங்கிக் கடைசியில் முழங்குகிறார். மிகை என்று ஒரு சாரார், படத்தின் உச்சம் என்று இன்னொரு சாரார். இரண்டுமே சரி என்பேன். அந்தப் பேச்சு உண்மையான துக்கம்தான், வாக்குச் சேகரிப்பும்தான். பாப்பஸ் என்ற மனிதரிடம் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது, பச்சினோ அதைத் தெரிந்தே நடிக்கிறார். முடிவு தெரிந்தபின் இன்னொரு முறை பார்த்தால் காட்சி முற்றிலும் வேறாகத் தெரியும். சவப்பெட்டிக்கு மேல் நின்று அழுகிறவர், அந்தச் சாவில் தன் கையும் இருக்கிறது என்பதை எந்த அளவுக்கு உள்ளூர அறிவார் என்ற கேள்வி எழும். வெளியான வாரத்தில் ஒரே முறை பார்த்து எழுதவேண்டிய விமர்சகருக்கு அந்த இரண்டாம் பார்வை கிடைத்திருக்காது. அந்த அளவில் படத்துக்கு நியாயம் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அரசியல் காரணமாக ஒரு ஊழல் படம் எதிர்க்கப்பட்டால் அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இத்தாலிக்குப் போகவேண்டும். ஃபிரான்செஸ்கோ ரோசி 1963-இல் எடுத்த ‘லே மானி சுல்லா சித்தா’, அதாவது ‘நகரத்தின்மேல் கைகள்’, நேப்பிள்ஸ் நகரில் ஒரு பழைய கட்டடம் இடிந்து விழுவதில் தொடங்குகிறது. பக்கத்தில் புதுக் கட்டடம் கட்டும் நொட்டோலா நகர்மன்ற உறுப்பினரும்கூட. ராட் ஸ்டைகர் அந்தப் பாத்திரத்தில் நடித்தார். விசாரணைக் குழு அலுவலகம் அலுவலகமாகப் போகிறது. எல்லாக் கோப்பும் ஒழுங்காக இருக்கிறது, ஒவ்வொருவரும் அடுத்த மேசையைக் காட்டுகிறார்கள். நொட்டோலா வலதுசாரிக் கட்சியை விட்டு மையக் கட்சிக்குத் தாவி, முன்பைவிட வலுவாகத் திரும்பி வருகிறார். மன்றத்தில் எதிர்க்கட்சி குற்றம் சாட்டும்போது உறுப்பினர்கள் எழுந்து கைகளை உயர்த்தி, எங்கள் கை சுத்தம் என்று கூவும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். எதிர்க்கட்சி உறுப்பினராக நடித்த கார்லோ ஃபெர்மரியெல்லோ உண்மையிலேயே கம்யூனிஸ்ட் அரசியல்வாதி. பாத்திரங்களும் சம்பவங்களும் கற்பனை, அவற்றை உண்டாக்கிய சமூகச் சூழல் உண்மை என்று பொருள்படும் வாசகத்தோடு படம் முடிகிறது. வெனிஸ் திரைப்பட விழாவில் முதன்மை விருதான தங்கச் சிங்கம் கிடைத்தபோது கைத்தட்டலோடு எதிர்ப்புக் கூச்சலும் எழுந்தது. இது சினிமாவா, கட்சிக் கூட்டமா என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். அங்கே நடிப்போ உச்சரிப்போ சண்டையின் பொருளாக இருக்கவில்லை, படம் யாரைக் குற்றம் சாட்டுகிறது என்பதே பொருளாக இருந்தது.

‘சிட்டி ஹால்’ விமர்சனங்களில் அந்த வகைக் கோபம் இல்லை. மேயர் ஜனநாயகக் கட்சிக்காரர், கட்சியின் தேசிய மாநாட்டை நியூயார்க்குக்குக் கொண்டுவரப் பாடுபடுகிறார் என்று படம் வெளிப்படையாகக் காட்டியும், கட்சி சார்ந்த சண்டை பெரிதாக எழவில்லை. அதனால் அரசியல் உறுத்தியது என்ற உங்கள் சந்தேகத்துக்கு எழுதப்பட்ட விமர்சனங்களில் ஆதாரம் கிடையாது. எனக்குத் தோன்றுவது இதற்கு நேரெதிர்: அரசியல் யாரையும் உறுத்தாமல் போனதுதான் படத்தின் பலவீனம். ரோசியின் படத்தில் நொட்டோலா போனால் இன்னொரு நொட்டோலா வருவான் என்று தெரியும், இயந்திரம் கண்முன் ஓடுகிறது. ‘சிட்டி ஹால்’ அந்த இயந்திரத்தைத் திறந்துகாட்டிவிட்டு, கடைசியில் அதை இரண்டு மனிதர்களின் மனஸ்தாபமாக, குருவிடம் சீடன் ஏமாந்த கதையாகச் சுருக்கிவிடுகிறது. குருவைப் பிரிந்த கெவின் கடைசிக் காட்சியில் தெருவில் நின்று தனக்கு வாக்குக் கேட்கிறார். நல்லவர் ஒருவர் வந்தால் சரியாகிவிடும் என்ற ஆறுதலோடு படம் முடிகிறது. அதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் படம் காட்டியதற்கு இது முரண்.

இது 111 நிமிடத்தில் தீர்க்கக்கூடிய சிக்கல்தானா என்பதும் எனக்குச் சந்தேகம். நகர ஊழல் என்பது பல மேசைகளைத் தாண்டிப் போகும் ஒரு காகிதத்தின் கதை. ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்திருப்பவரை மனிதராகக் காட்டுவதற்கு நேரம் வேண்டும். 1981-இல் சிட்னி லுமெட் ‘பிரின்ஸ் ஆஃப் தி சிட்டி’ எடுத்தபோது, போலீஸ் ஊழலை மட்டும் சொல்லவே ஏறத்தாழ 167 நிமிடம் எடுத்துக்கொண்டார். பால்டிமோர் நகரத்தைப் பற்றிய ‘தி வயர்’ தொடர் 2002 முதல் 2008 வரை 60 அத்தியாயங்கள் ஓடியது. காவல்துறை, துறைமுகம், நகர்மன்றம், பள்ளி, செய்தித்தாள் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேச அதற்கு இடம் கிடைத்தது. இன்று விமர்சகர்கள் அதைத் தொலைக்காட்சியின் சிகரங்களில் ஒன்றாக வைக்கிறார்கள், ஓடிய காலத்தில் அதற்கு ஒரு எம்மி விருதுகூடக் கிடைக்கவில்லை. சிகாகோ மேயரைப் பற்றிய ‘பாஸ்’ தொடரில் நடித்ததற்காக கெல்சி கிராமருக்கு 2012-இல் கோல்டன் குளோப் விருது கிடைத்தது, இருந்தும் இரண்டு பருவங்களோடு தொடர் நின்றுபோனது. இந்த வகைக் கதைக்குப் பாராட்டும் பார்வையாளரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வது அபூர்வம்.

நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றால், விமர்சனங்களைப் படித்துவிட்டுத் தயங்காமல் பாருங்கள். முதலில் ‘சிட்டி ஹால்’, பிறகு ரோசியின் படம் என்ற வரிசையில் பார்ப்பது நல்லது. மாற்றிப் பார்த்தால் முதலாவது மெலிந்து தெரியும். பச்சினோ பேசும் காட்சிகளுக்குக் காத்திருக்காதீர்கள். ஐயெல்லோ திரையில் இருக்கும்போதெல்லாம் அவர் முகத்தையே பாருங்கள். தன்னை எந்தக் கூட்டாளியும் காப்பாற்றப்போவதில்லை என்று அன்செல்மோவுக்குப் புரியும் அந்தச் சில நிமிடங்களில், மொத்தப் படமும் சொல்ல வந்தது வசனமே இல்லாமல் அவர் முகத்தில் இருக்கிறது.